ஹோவர்போர்டு குப்புறத் தள்ளிவிட்டது, சென்சார் கோளாறா? அவசரம்

திருநகர் வீடியோகாரன்:
நேற்று பைபாஸ் ரோட்டு மண்டபம் ஒன்றில் கல்யாணம். ஹோவர்போர்டில் (நாம் சாயும் பக்கம் ஓடும் இரட்டைச் சக்கரப் பலகை) நின்றபடி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று முன்பக்கம் சாய்ந்து குப்புறத் தள்ளிவிட்டது. கேமரா தப்பியது. சென்சார் போயிருக்குமா? மதுரையில் யார் பார்ப்பார்கள்? ஞாயிறு அடுத்த முகூர்த்தம்.

வைகைக்கரையான்:
சக்கரம் எத்தனை இஞ்ச்? புதுசா பழசா? உங்கள் எடை? பேட்டரி எவ்வளவு இருந்தது? இதெல்லாம் சொல்லாவிட்டால் சோழிதான் உருட்டிப் பார்க்க வேண்டும்.

ஆரப்பாளையத்தான்:
கம்பளம்தான். மண்டபத்தில் சிவப்புக் கம்பளத்தின் ஓரம் மடிந்து கிடக்கும். சின்னச் சக்கரம் அதில் முட்டினால் வண்டி நின்றுவிடும், ஆள் பறப்பான்.

திருநகர் வீடியோகாரன்:
கம்பளம் இல்லை, டைல்ஸ். ஆறரை இஞ்ச். பழசு வாங்கியது. எடை 82, கேமரா தனி.

கே.கே.நகர் அப்பா:
சமதரையில் வைத்து பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடியுங்கள். விளக்கு மின்னியதும் அணைத்துப் போடுங்கள். மகனுடையது இப்படித்தான் சரியானது.

ஓம் விதி:
இதற்கு எத்தனை முறை பதில் எழுதுவது? பழைய இழைகளைத் தேடும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. சரி, கேள். நீ முன்னால் சாய்கிறாய். மோட்டார் சக்கரத்தை ஓட்டிவந்து உன் காலடியில் தாங்கக் கொடுக்கிறது. பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டாருக்கு வலு போதாது, நீ சாய்ந்த வேகத்துக்குச் சக்கரம் வந்து சேராது. அப்புறம் மூஞ்சி தரையில். 2003-லேயே பேட்டரி இறங்கும்போது ஆள் விழுகிறார் என்று, கைப்பிடியோடு நின்று ஓட்டும் இரட்டைச் சக்கர வண்டி செய்த செக்வே கம்பெனி சுமார் 6,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

ஆரப்பாளையத்தான்:
செக்வேயைக் கண்டுபிடித்தவரே அதில் விழுந்துதானே செத்தார்!

ஓம் விதி:
தப்பு. கண்டுபிடித்தவர் டீன் கேமன். செத்தவர் கம்பெனியை வாங்கிய ஜிமி ஹெசல்டன். 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செங்குத்துச் சரிவிலிருந்து வண்டியோடு விழுந்தார்.

ஆரப்பாளையத்தான்:
முதலாளியே விழுந்தார் என்றால் இன்னும் மோசம். 2003-ல் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் செக்வேயிலிருந்து விழுந்தார்.

ஓம் விதி:
அவர் ஆன் செய்யாமலே ஏறினார் என்றுதான் அப்போது செய்தி வந்தது.

ஆரப்பாளையத்தான்:
2015-ல் பெய்ஜிங்கில் உசைன் போல்ட்டைப் பின்னாலிருந்து இடித்துச் சாய்த்தது யார்? செக்வேயில் வந்த கேமராமேன். உங்கள் தொழிலுக்கே இது ராசியில்லை தம்பி.

வைகைக்கரையான்:
வரலாறு போதும். தம்பி, விழுமுன் பேட்டரி இறங்கினால் வரும் பீப் சத்தம் கேட்டதா?

திருநகர் வீடியோகாரன்:
தாலி கட்டும் நேரம் அண்ணே. கெட்டிமேளத்தில் பீப் எங்கே கேட்க? முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு எடுத்தபிறகு சார்ஜ் போடவும் இல்லை.

ஓம் விதி:
முதல் பதிவிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சொக்கிகுளம் பிசியோ:
வண்டியை எல்லோரும் விசாரித்துவிட்டீர்கள். கையை ஊன்றி விழுந்தீர்களா தம்பி?

திருநகர் வீடியோகாரன்:
ஆமாம் அக்கா, இடது கை. வீக்கம்தான். வீட்டில் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள்.

சொக்கிகுளம் பிசியோ:
உருவவே கூடாது! கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி விழும். அங்கே அமுக்கினால் வலிக்கிறதா? அதற்கடியில் ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்பு. விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். 10, 14 நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய்விடலாம். இன்றே எலும்பு டாக்டரிடம் போங்கள்.

(ஆறு நாள் கழித்து)

திருநகர் வீடியோகாரன்:
பேட்டரிதான். கையில் மாவுக்கட்டு. ஞாயிறு மச்சான் போய் நடந்தே எடுத்தான். நன்றி அக்கா.

ஆரப்பாளையத்தான்:
கம்பளம் இல்லவே இல்லையா? வீடியோவைப் போட்டுப் பாருங்களேன்.