நேரமும் ஒரு சுதந்திர இயக்கக்கூறா?

கேள்வி:
தனி ஊசல் எங்கே இருக்கிறது என்று சொல்லக் கோணம் ஒன்று போதும், அதனால் அதற்கு சுதந்திர இயக்கக்கூறு (நிலையைச் சொல்லத் தேவையான தனித்தனி எண்களின் எண்ணிக்கை) 1 என்கிறார்கள். சரி. ஆனால் எந்த நேரத்தில் என்று சொல்லாமல் கோணத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சார்பியலில் வேறு நேரமும், இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களைப் போல, ஓர் ஆயம்தான் என்கிறார்கள். அப்படியானால் கட்டில்லாத துகளுக்கு 3 இல்லை, 4 என்றுதானே வர வேண்டும்?

பதில் 1:
ஊசலை 10 டிகிரியில் விடுவதா 20 டிகிரியில் விடுவதா, சும்மா விடுவதா தள்ளி விடுவதா, எல்லாம் உங்கள் இஷ்டம். நேரத்தில் அந்த இஷ்டம் செல்லாது. கடிகாரத்தை எப்போது தொடங்கினாலும் ஊசல் அதே ஆட்டம்தான் ஆடும். கோணம் நேரத்தைப் பொறுத்து மாறுகிறது, நேரம் எதைப் பொறுத்து மாறும்? வாயுவைப் பாருங்கள்: பருமன் மாறாமல் ஒரு மோல் ஹீலியத்தை 1 கெல்வின் சூடாக்க 12.5 ஜூல் போதும். ஒரு கூறுக்கு ஒரு பங்கு என்று பார்த்தால், அது 3-க்கு உரிய கணக்கு. 4 என்றால் 16.6 ஆகியிருக்கும்.

பதில் 2:
ஹீலியம் உதாரணம் கொஞ்சம் இடிக்கிறது. அங்கே எண்ணுவது ஆற்றலில் வரும் இருபடி உறுப்புகளை (வேகத்தின் வர்க்கம் போன்றவற்றை), ஆயங்களை அல்ல.

சார்பியல் விஷயத்துக்கு வருவோம். அங்கே நான்கு ஆயங்களையும் வேறோர் அளபுருவின் (பாதையில் எங்கே இருக்கிறோம் என்று காட்ட நாமே வைத்துக்கொள்ளும் எண்ணின்) சார்பாக எழுதலாம்தான். ஆனால் அந்த அளபுருவை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், நான்கு-திசைவேகத்தின் (நேரத்தையும் சேர்த்த நான்கு ஆயங்களுக்கான திசைவேகத்தின்) அளவும் எப்போதும் ஒளிவேகமே. ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் பிடுங்கிக்கொள்வது மாதிரி. மிச்சம் 3.

பதில் 3:
இன்னொன்று, நேரத்தை அரையாக எண்ணும் இடமும் உண்டு! ஊசல் தொங்கும் புள்ளியை ஒரு மோட்டார் ஒரே சீராக மேலும் கீழும் ஆட்டுகிறது என்று வையுங்கள். இப்போது சமன்பாட்டுக்குள்ளேயே நேரம் வந்துவிட்டது, மோட்டார் எந்தக் கட்டத்தில் இருக்கும்போது விட்டோம் என்பதும் முக்கியம். கோணம், கோண வேகம், மோட்டாரின் கட்டம் என மூன்று எண்கள் வேண்டும். ஒரு கூறுக்கு இரண்டு எண் (நிலைக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று) என்பது கணக்கு, ஆகவே ஒன்றரை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இயக்கவியலில் அப்படியேதான் சொல்வார்கள். சாதாரண ஊசலில் வராத கேயாஸ் (தொடக்கத்தில் துளி மாறினாலும் பின்னால் ஆட்டமே வேறாகிவிடுவது) இதில் வருவது அந்த அரையால்தான்.

கேட்டவர்:
ஒன்றரையை எதிர்பார்க்கவில்லை. சரி, மோட்டார் சின்னது, ஊசல் இழுக்கிற இழுப்பில் அதன் வேகமே மாறுகிறது என்றால்?

பதில் 3:
அப்போது மோட்டாரின் கோணத்துக்கும் தனியாக ஒரு சமன்பாடு எழுதியாக வேண்டும், அதுவும் ஒரு முழுக் கூறாகிவிடும். மொத்தம் 2. நேரம் மறுபடி வெளியே போய் நின்றுகொள்ளும்.