புதிய கிராபிக்ஸ் கார்ட் பூட்டிய பின்னர் கணினி தானாகவே மீள ஆரம்பிக்கிறது

கேள்வி – களுவாஞ்சிகுடியிலிருந்து

வணக்கம். திருமண வீடியோக்களைத் தொகுப்பதற்காக வீட்டில் வைத்திருக்கும் கணினியில் அண்மையில் இரண்டு மாற்றங்களைச் செய்தேன். முன்னர் இன்டெல் ஐ5-10400 புரொசசரும், எச்410 மதர்போர்டும், 8 ஜிபி றாமும் மாத்திரமே இருந்தன. இப்போது பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட் ஒன்றையும், வேறொரு நிறுவனத்தின் 8 ஜிபி றாம் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். பவர் சப்ளையை மாற்றவில்லை. அது கேசிங்குடன் சேர்ந்து வந்தது. மேலே 500 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. கார்டுக்குரிய 8 பின் இணைப்பு அதில் இல்லாததால், கார்டை விற்றவர்கள் சாட்டா வயரிலிருந்து (ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கு மின் கொடுக்கும் வயர்) மின் எடுக்கும் ஒரு மாற்றி வயரைத் தந்து பூட்டிவிட்டார்கள்.

வீடியோவை ரென்டர் செய்யத் (தொகுத்ததை இறுதிக் கோப்பாக உருவாக்கத்) தொடங்கிச் சிறிது நேரத்தில், நீலத்திரையோ எச்சரிக்கையோ எதுவுமின்றித் திரை கறுத்து, கணினி மீள ஆரம்பிக்கிறது. இணையம் பார்க்கும்போது இவ்வாறு நிகழ்வதில்லை. ஆனால் மாலையில் கிணற்று மோட்டரைப் போடும்போது வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்கும். அந்த வேளையிலும் சில சமயம், 650 வீஏ யூபிஎஸ் இருந்தும், இதுவே நடக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். அதற்கு முன்னர் நான் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில் – கல்முனையிலிருந்து, கணினி திருத்துபவர்

விண்டோஸைப் புதிதாகப் போடுவது எமது பகுதிக் கடைகளில் எல்லா நோய்க்கும் கொடுக்கப்படும் பனடோல். இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் விண்டோஸிலேயே சாட்சியம் பதிவாகியிருக்கும்.

முதலில் சிஸ்டம் புரொப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அன்ட் ரிக்கவரி' பகுதிக்குச் சென்று, 'ஓட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு முன்னுள்ள சரி அடையாளத்தை நீக்கிவிடுங்கள். இதுவரை நீலத்திரை வந்து கண்ணுக்குத் தெரியும் முன்னரே கணினி மீள ஆரம்பித்திருந்தால், இனி அந்த நீலத்திரை நிலைத்து நிற்கும். அடுத்து, கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, 'கேர்னல்-பவர் 41' என்ற பதிவைத் தேடுங்கள். இந்தப் பதிவு தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை. கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அதன் விபரங்களில் உள்ள 'பக்செக்கோட்' என்ற எண்தான் முக்கியமானது. அது பூச்சியமாக இருந்தால், பிழையைக் குறித்து வைப்பதற்குக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். மின் தடைப்படும்போது இப்படித்தான் பதிவாகும். வேறு எண் இருந்தால் றாம் அல்லது டிரைவர் பக்கம் திரும்ப வேண்டும். 'வீயா-லொகர் 18' என்ற பதிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது வன்பொருள் பிழையைப் புரொசசரே அறிவிக்கும் பதிவு.

மேலும், பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் நிரலுக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கிறது என்பதை அறியத் தாருங்கள். கேசிங்குடன் வரும் சப்ளைகளில் 500 என்ற எண்ணை விட அந்த எண்ணுக்கே நான் மதிப்பளிப்பேன், ஏனெனில் புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன.

பதில் – காத்தான்குடியிலிருந்து

சகோதரருக்கு ஸலாம். மேலே சொல்லப்பட்டதை நான் மறுக்கவில்லை. எனினும் இரண்டு பொருட்களைச் சேர்த்துவிட்டு ஒன்றை மாத்திரம் சந்தேகிப்பது சரியாகாது. புதிய றாமைக் கழற்றிவிட்டு, பழைய றாமுடன் அதே வீடியோவை ரென்டர் செய்து பாருங்கள். அப்போதும் மீள ஆரம்பித்தால் றாமின் மீதான சந்தேகம் பெரும்பாலும் நீங்கும். பின்னர் இரண்டையும் பூட்டி, றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த றாமை ஏற்க வேண்டாம். புதிய றாமில் 3200 என்று எழுதியிருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, உங்கள் புரொசசரும் எச்410 போர்டும் அதை 2666 வேகத்திலேயே இயக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சரி அடையாளத்தை நீக்கிய பின்னரும் நீலத்திரை வரவில்லை. கேர்னல்-பவர் 41 பதிவுகள் எல்லாவற்றிலும் பக்செக்கோட் பூச்சியமாகவே இருக்கிறது. வீயா-லொகர் பதிவு எதுவும் இல்லை. புதிய றாமைக் கழற்றிய பின்னரும் ரென்டர் செய்யும்போது மீள ஆரம்பித்தது. மெம்டெஸ்ட் பிழை எதையும் காட்டவில்லை. பவர் சப்ளையின் அட்டவணையில் 12 வோல்ட்டுக்குக் கீழே 18 அம்பியர் என்று இருக்கிறது.

பதில் – கல்முனையிலிருந்து, கணினி திருத்துபவர்

பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு அதன் நிறுவனம் குறிப்பிடும் மின்தேவை 170 வாட். ஐ5-10400 புரொசசரின் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும், வேலை தொடங்கும் முதல் நொடிகளில் 134 வாட் வரை எடுக்க இன்டெல் அனுமதித்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 304. இதற்கு மேலாக, இக்காலக் கார்டுகள் சில மில்லி விநாடிகளுக்குத் தமது அளவையும் மீறித் திடீரென மின்னை இழுக்கும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே கணக்கில் எடுத்துத்தான் என்விடியா நிறுவனம் இந்தக் கார்டுக்கு 550 வாட் சப்ளையைப் பரிந்துரைக்கிறது. இணையம் பார்க்கும்போது கணினி அமைதியாக இருப்பதும், புரொசசரும் கார்டும் ஒன்றாக உழைக்கும் ரென்டரில் விழுவதும் இந்தக் கணக்குடன் பொருந்துகின்றன.

பணம் செலவழிக்கும் முன்னர் உறுதிப்படுத்த விரும்பினால், கிராபிக்ஸ் கார்டைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் 'பவர் லிமிட்' என்பதை 70 சதவீதத்துக்குக் குறையுங்கள். கார்ட் 119 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதன் பின்னர் ரென்டர் தடையின்றி முடிந்தால் குற்றவாளி பவர் சப்ளைதான்.

ஆனால் இந்தச் சோதனையை அந்தச் சாட்டா மாற்றி வயருடன் செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். சாட்டா மின் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்களே உள்ளன, ஒவ்வொன்றும் 1.5 அம்பியரைத்தான் தாங்கும், அதாவது மொத்தம் 54 வாட். 8 பின் இணைப்போ 150 வாட் வரை வழங்குவதற்காக வரையறுக்கப்பட்டது. அந்த வயரைக் கழற்றி முனையைப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியோ இளகியோ இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ரென்டர் செய்யும்போது கணினி விழுவது உங்களுக்குத் தொல்லை, ஆனால் விழாமல் தொடர்ந்து ஓடியிருந்தால் அந்த வயர் தீப்பிடித்திருக்கவும் கூடும். சப்ளையில் மொலெக்ஸ் வயர்கள் (நான்கு பின் கொண்ட பழைய வகை மின் இணைப்புகள்) இரண்டு தனித்தனியாக வருமானால், அவ்விரண்டிலிருந்தும் எடுக்கும் மாற்றியைச் சோதனைக்கு மாத்திரம் பயன்படுத்தலாம். இல்லையென்றால் சோதனையை விட்டுவிட்டு நேரடியாகச் சப்ளையை மாற்றுங்கள்.

வாங்கும்போது 80 பிளஸ் எனும் மின்திறன் சான்று உள்ளதாகவும், கார்டுக்குரிய 8 பின் வயர் சப்ளையிலிருந்தே வருவதாகவும், 12 வோல்ட்டில் குறைந்தது 45 அம்பியர் தருவதாகவும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மாற்றி வயரின் முனை நீங்கள் சொன்னபடியே பழுப்பேறியிருந்தது. சோதனை எதுவும் செய்யாமல் 80 பிளஸ் புரொன்ஸ் சான்றுள்ள 650 வாட் சப்ளை ஒன்றை வாங்கிப் பூட்டினேன். நீண்ட ரென்டர்கள் இப்போது தடையின்றி முடிகின்றன. ஆயினும் ரென்டர் ஓடிக்கொண்டிருக்கையில் கிணற்று மோட்டரைப் போட்டால், யூபிஎஸ் நீளமாக ஒலியெழுப்ப, கணினி மீள ஆரம்பிக்கிறது. புதிய சப்ளையிலும் கோளாறு இருக்குமா?

பதில் – கல்லடியிலிருந்து

தம்பி, சப்ளையைக் குறை சொல்ல வேண்டாம்; இது யூபிஎஸ்ஸின் கதை. 650 வீஏ என்று விற்கப்படும் சிறிய யூபிஎஸ்களில் பல 360 அல்லது 390 வாட் வரைதான் தாங்கும். வீஏ வேறு, வாட் வேறு. கார்ட் இல்லாத காலத்தில் உங்கள் கணினிக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்திருக்கும். இப்போது புரொசசர், கார்ட், மொனிட்டர் எல்லாம் சேர்ந்து அந்த எல்லையை எட்டிவிடுகின்றன. மோட்டர் புறப்படும்போது அதன் இயல்பான அளவைப் போலப் பல மடங்கு மின்னை இழுப்பதால் வீட்டின் மின்னழுத்தம் விழுகிறது. உடனே யூபிஎஸ் பற்றரிக்கு மாறுகிறது. மாறிய கணத்திலேயே முழுச் சுமையும் அதன் தலையில் ஏறுவதால், அந்த நீண்ட ஒலியுடன் கைவிட்டுவிடுகிறது. மாறுவதற்கு எடுக்கும் சில மில்லி விநாடிகளை நல்ல சப்ளை தாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு யூபிஎஸ் மின் தராவிட்டால் அது என்ன செய்ய முடியும்?

இதை உறுதிப்படுத்துவது எளிது. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, கணினியைச் சுவரிலுள்ள மூன்று பின் பிளக்கில் நேரடியாக இணைத்து, ரென்டர் ஓடும்போது மோட்டரைப் போட்டுப் பாருங்கள். விழாவிட்டால் யூபிஎஸ்ஸை மாற்ற வேண்டும். அப்போதும் விழுந்தால் வீட்டின் வயரிங்கை மின்னியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். மோட்டரும் கணினியும் ஒரே சுற்றில் இருப்பது பழைய வீடுகளில் சாதாரணம். யூபிஎஸ் மாற்றுவதானால் பெட்டியில் வாட் அளவு 600க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பற்றரியில் இயங்கும்போது தூய சைன் அலை தருவதாக இருந்தால் மேலும் நல்லது, ஏனெனில் புதிய வகைச் சப்ளைகளில் சில, மலிவான யூபிஎஸ்கள் தரும் படிக்கட்டு வடிவ அலையுடன் ஒத்துப்போவதில்லை. அதுவரை, ரென்டர் போட்டுவிட்டு மோட்டரைப் போடாதிருங்கள்.

கேள்வி கேட்டவர்

சுவரில் நேரடியாக இணைத்துப் பார்த்தேன். மோட்டரைப் போட்டபோது விளக்குகள் வழமைபோல மங்கின, ரென்டர் நிற்கவில்லை. யூபிஎஸ்ஸில் இப்போது மொனிட்டரையும் ரவுட்டரையும் மாத்திரம் இணைத்திருக்கிறேன்.