கொடைக்கானல் உயரத்தை எப்படிச் சரிக்கட்டுவது?

வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் இருந்த டாம்ஸ் (மொத்த ஓசோனை அளக்கும் கருவி) தரவை (1978–1993) கொடைக்கானல் நிலையத்தின் டாப்சன் (தரையிலிருந்து ஓசோனை அளக்கும் கருவி) அளவீட்டோடு ஒப்பிடுகிறேன். டாம்ஸுக்குச் சூரிய ஒளியை வாங்கித் தரும் டிஃப்யூசர் தகடு புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மங்கியதும், அதைக் கணக்கில் சரியாகச் சேர்க்காதபோது ஓசோன் உள்ளதைவிட வேகமாகக் குறைவதுபோலத் தெரிந்ததும் பழைய கதை. என் கையில் இருப்பது அது திருத்தப்பட்ட எட்டாம் பதிப்பு. ஆக, தகட்டின்மேல் பழிபோட வழியில்லை!

என் தலைவலி வேறு. வரைபடத்தில் டாப்சன் கோடு எப்போதும் டாம்ஸுக்குக் கீழேயே ஓடுகிறது. நிலையம் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; டாப்சன் அதற்கு மேலுள்ள ஓசோனை மட்டுமே அளக்கும். செயற்கைக்கோள் ஒரு அளவீட்டில் பார்க்கும் கட்டமோ குறைந்தது 50 கி.மீ. அகலம், சமவெளியும் அதில் சேர்ந்துவிடும். நிலையத்தின் உயரத்துக்குக் கீழே உள்ள அந்த அடிப்பகுதி ஓசோனை எப்படிக் கழிப்பது? பலூன் அளவீடு வைத்துச் செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன். அடுத்த வாரம் கைடிடம் காட்ட வேண்டும்.