வாட்ஸ்அப்பில் வந்த ஃபிளாட் படங்களைப் போட்டேன், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

வீடுதேடி எழுதியது:

வணக்கம். கோவை சரவணம்பட்டிப் பக்கம் பதினோரு வருஷமாக வீடு, மனை புரோக்கர் வேலை பார்க்கிறேன். தனி ஆபீஸ் கிடையாது, வீட்டு முன்ரூம்தான். நானும், கம்ப்யூட்டர் வேலைக்கு ஒரு பெண்ணும்.

போன மாதம் ஒரு அபார்ட்மென்ட்டில் ஐந்தாவது மாடி, ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் விற்பனைக்கு வந்தது. ஓனர் ஷார்ஜாவில், சாவி வாட்ச்மேனிடம். திறந்து பார்த்தால் ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. சுவரில் ஈரம் பூத்திருக்கிறது, ஹாலில் பழைய சோபா, அதன்மேல் ஒரு பெட்ஷீட். அதைப் படம் எடுத்துப் போட்டால் ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது: அதே பில்டிங்கில் மூன்றாவது மாடி ஃபிளாட்டின் படங்கள் எங்கள் புரோக்கர் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. நேர் கீழே ரெண்டு மாடி தள்ளிய வீடு, அதே பிளான், அதே சதுர அடி. போட்டவரும் 'எல்லா குரூப்புக்கும் ஃபார்வர்டு பண்ணுங்க' என்றுதான் எழுதியிருந்தார். பதினோரு படங்களையும் எடுத்து வீட்டு விளம்பர போர்ட்டலில் ஏற்றிவிட்டோம்.

கீழ் மூலையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு ஸ்டூடியோ பேர் இருந்தது. பேர் தெரிந்தால் போர்ட்டலில் தள்ளிவிடுவார்கள் என்று எங்கள் கம்ப்யூட்டர் பெண் அடியில் ஒரு விரல்கடை அளவுக்கு வெட்டிவிட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். சரி என்று விட்டுவிட்டேன்.

முதலில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மனைவியோடு வீடு பார்க்க வந்தார். பெட்ரூம் ஜன்னலைத் திறந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தத் தென்னைமரம் எங்கம்மா?" என்றார். படத்தில் ஜன்னல் நிறையத் தென்னை மட்டை. மூன்றாம் மாடிக்கு அது சரி. ஐந்தாம் மாடியில் எட்டிக் குனிந்தால்தான் மரத்தின் கொண்டை தெரியும். அவர் சத்தம் போடவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை.

அடுத்த வாரம் நோட்டீஸ். படம் எடுத்த ஃபோட்டோகிராஃபர் வக்கீல் மூலம் அனுப்பியிருக்கிறார். படத்துக்கு 30,000 வீதம் 3,30,000 ரூபாய், பதினைந்து நாளில் கட்ட வேண்டுமாம். படங்களை அன்றைக்கே நீக்கிவிட்டேன். 'இது என் படமே இல்லை' என்று சொல்லவும் வழியில்லை. ஒரு படத்தில் பீரோக் கண்ணாடியில் கேமரா ஸ்டாண்டின் ஒரு காலும் அவருடைய முழங்கையும் தெரிகின்றன. நோட்டீஸில் அதற்கு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்.

என் கேள்வி: பரப்பச் சொல்லித்தானே குரூப்பில் போட்டார்கள், அது அனுமதி ஆகாதா? நீக்கிய பிறகும் பணம் கட்ட வேண்டுமா? இந்த ஃபிளாட் விற்றால் எனக்கு வருவதே நாற்பத்தைந்தாயிரம்தான்.

மேடவாக்கம்_மனை எழுதியது:

அக்கா, இதெல்லாம் சும்மா மிரட்டல். எல்லா புரோக்கரும் செய்கிறதுதானே? படத்தை எடுத்தாச்சு, விஷயம் முடிஞ்சுது. நோட்டீஸுக்குப் பதில் போட்டால்தான் மாட்டுவீர்கள். ரிஜிஸ்டர் பண்ணாத படத்துக்குக் காப்பிரைட்டே கிடையாது. எனக்கும் ஒரு தடவை வந்தது, கிழித்துப் போட்டேன், இன்று வரை ஒன்றும் ஆகவில்லை.

கோர்ட்வாசல் எழுதியது:

மேலே உள்ள பதிலில் ஒரு வரிகூடச் சரியில்லை. அவருக்கு ஒன்றும் ஆகாதது அவர் அதிர்ஷ்டம்.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. 1957-ஆம் வருடச் சட்டப்படி படம் எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்திருந்தால் ஆதாரத்துக்கு வசதி, அவ்வளவுதான்.

ஆனால் மேடம், அந்த உரிமை யாருடையது என்பதில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர் என்கிறது 2-ஆம் பிரிவு. 17-ஆம் பிரிவோ, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. கல்யாண ஆல்பத்துக்கும் இதுதான், ஃபிளாட் படத்துக்கும் இதுதான். ஆகவே அந்த மூன்றாம் மாடி வீட்டைப் படம் எடுக்கப் பணம் கொடுத்தது யார், என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் நோட்டீஸ் அனுப்பியவருக்கே உரிமை இல்லாமல் போகலாம். உடனே சந்தோஷப்பட வேண்டாம். அப்போது பணம் கொடுத்தவர் உங்கள் மேல் வரலாம்.

குரூப்பில் ஃபார்வர்டு செய்யச் சொன்னவரின் கையில் உரிமை இருந்தால்தான் அவர் சொல் அனுமதி. அடுத்தவன் தோட்டத்து மாங்காயைப் பறித்துக்கொள்ளச் சொல்ல அவருக்கு என்ன அதிகாரம்? முறையான லைசென்ஸ் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 30-ஆம் பிரிவு.

இப்போது அந்த விரல்கடை. காப்பிரைட் இருப்பதே தெரியாது, தெரிந்துகொள்ள நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபிப்பவருக்கு 55-ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது: அவரிடம் உரிமையாளர் நஷ்ட ஈடு கேட்க முடியாது, தடை உத்தரவும், கிடைத்த லாபம் முழுவதுமோ ஒரு பகுதியோதான் கேட்கலாம். பேரை வெட்டிவிட்டு அந்தச் சலுகையை எப்படிக் கேட்பீர்கள்? போதாததற்கு, உரிமை விவரத்தைத் தெரிந்தே அழிப்பது 65பி பிரிவின்படி தனிக் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. பொதுவான மீறலுக்கு 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம், அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயமுறுத்தச் சொல்லவில்லை, கிழித்துப் போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

தொகை வேறு விஷயம். படத்துக்கு இவ்வளவு என்று நம் சட்டத்தில் விலைப்பட்டியல் கிடையாது. 30,000 என்பது அவர் ஆசை. கோர்ட்டுக்குப் போனால் தன் நஷ்டத்தை அவர் காட்ட வேண்டும். 3 லட்சத்தைத் தாண்டியதால் வழக்கு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசரத் தடை கேட்டாலொழிய அதற்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். எனவே பேசுவதற்கு இடம் இருக்கிறது. பதினைந்து நாளைத் தாண்டவிடாமல், வக்கீல் மூலம் மரியாதையாக ஒரு பதில் போடுங்கள். படங்களை நீக்கிய தேதியை அதில் எழுதுங்கள். போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தென்னைமரம் பற்றி யாரும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். வேறு வீட்டுப் படத்தைக் காட்டி இந்த வீட்டை விற்றிருந்தால், வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்டிருக்கலாம். புதுக் கட்டடத்தை பில்டர் விற்கும்போது என்றால், ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்தவருக்கு வட்டியோடு பணத்தைத் திருப்ப வேண்டும். அந்த வாத்தியார் ஜன்னலைத் திறந்து பார்த்தது உங்களுக்கு நல்லதே.

ட்ரைபாட் எழுதியது:

நான் அந்த ஃபோட்டோகிராஃபர் இல்லை, ஆனால் அதே தொழில். சென்னையில் ஆறு வருஷமாக வீடுகள்தான் எடுக்கிறேன், அதற்கு முன் கல்யாணங்கள். வீடு தேவலை, அதட்டுவதற்கு மாப்பிள்ளையின் மாமா கிடையாது.

பதினோரு படம்தானே என்று நினைக்காதீங்க. ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அதில் முதல் முக்கால் மணி நேரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டேன். பாத்ரூம் பக்கெட்டும் மக்கும் வெளியே. கேஸ் சிலிண்டர் ஒளிய வேண்டும். தண்ணீர் கேன், பால்கனிக் கொடியில் துணி, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய மாத்திரைச் சீட்டு. தினசரி காலண்டரைக் கழற்றினால் சுவரில் அதே அளவில் வெள்ளைச் சதுரம் தெரியும், அதனால் அதை மாட்டியே விட்டுவிட்டு, தேதியை மட்டும் கிழித்துச் சரி செய்வேன். ஒரு தடவை செய்யாமல் விட்டேன். மார்ச்சில் போட்ட விளம்பரத்தில் ஆகஸ்ட் பதினாறு.

அப்புறம் வெளிச்சம். ஜன்னலுக்குச் சரியாக வைத்தால் அறை இருட்டு, அறைக்கு வைத்தால் ஜன்னல் வெறும் வெள்ளை. ஸ்டாண்டை அசைக்காமல் வெளிச்சம் கூட்டிக் குறைத்து ஐந்து படம் எடுத்து, ராத்திரி உட்கார்ந்து ஒன்றாகச் சேர்ப்பேன். உங்கள் படத்தில் ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை பச்சையாகத் தெரிந்ததே, அது தானாக வந்ததில்லை. அந்த ஒரு ஜன்னலுக்கு அவர் அரை மணி நேரம் செலவழித்திருப்பார். வாத்தியாருக்கு ஞாபகம் இருந்ததும் அந்த ஜன்னல்தான்!

என் பில்லின் பின்பக்கம் நாலு வரி இருக்கும்: உரிமை என்னிடமே, பணம் கொடுத்தவர், அந்த வீட்டை விற்க மட்டும், அது விற்கும் வரை பயன்படுத்தலாம், வேறு புரோக்கருக்குக் கொடுக்கக் கூடாது. கையெழுத்து வாங்காமல் படத்தை அனுப்பமாட்டேன். கோர்ட்வாசல் சார் சொன்ன 17-ஆம் பிரிவை ஒரு பழைய கஸ்டமர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், ரொம்பச் செலவான பாடம்.

'எதற்காக' என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் ஜில்லோ என்ற வீட்டு விளம்பர இணையதளத்தின் மேல் வி.எச்.டி. என்ற வீட்டுப்பட நிறுவனம் 2015-ல் வழக்குப் போட்டது. விற்பனைப் பக்கத்தில் படம் இருந்ததில் ஜில்லோ தப்பித்துக்கொண்டது. அதே படங்களை வீட்டு அலங்கார யோசனைப் பக்கத்தில் போட்டதுதான் சிக்கியது. 2017-ல் ஜூரி 80 லட்சம் டாலருக்கு மேல் சொன்னார்கள், மேல்முறையீடுகளில் தேய்ந்து தேய்ந்து 19 லட்சம் டாலர் சொச்சத்தில் நின்றது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அனுமதியின் எல்லை புரியவில்லை.

இதில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு. நான் எடுத்த ஒரு மடிப்பாக்கம் வீட்டுப் படத்தைத் திருடி, யாரோ ஒருவன் வாடகைக்கு என்று போட்டு, மூன்று பேரிடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டான். அதில் ஒரு பையன் படத்தின் மேல் இருந்த என் பேரை (வாட்டர்மார்க்) பார்த்து எனக்கே போன் செய்து, "சார், சாவி எப்போ தருவீங்க?" என்று கேட்டான். போர்ட்டலுக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்தில் படத்தை மறைக்க வேண்டும், 21 நாளில் நான் கோர்ட் உத்தரவு வாங்காவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பது விதி. படம் போய்விட்டது. அந்தப் பையனின் பத்தாயிரம் போனது போனதுதான்.

அக்கா, அந்த ஃபோட்டோகிராஃபரை நேரில் பார்த்துப் பேசுங்கள், வக்கீலையும் வைத்துக்கொண்டே. எங்களில் பெரும்பாலோருக்கு வழக்கு நடத்த நேரமும் இல்லை, காசும் இல்லை. பேரை வெட்டியதுதான் சுட்டிருக்கும்.

வீடுதேடி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் வக்கீல் பதில் போட்டு பில்லைக் கேட்டார். வந்தது. எடுக்கச் சொன்னது மூன்றாம் மாடி ஓனர் இல்லை, அந்த வீட்டை விற்றுக்கொண்டிருந்த இன்னொரு புரோக்கர். 8,000 ரூபாய் பில். ட்ரைபாட் தம்பி சொன்ன மாதிரியே பின்பக்கம் பொடி எழுத்தில் உரிமை ஃபோட்டோகிராஃபருக்கே என்று இருந்தது, கீழே அந்த புரோக்கரின் கையெழுத்து. குரூப்பில் 'ஃபார்வர்டு பண்ணுங்க' என்று போட்டதும் அதே ஆள்தான்! அவருக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. போனை எடுப்பதில்லை.

ஆக எனக்கு வாதாட ஒன்றும் மிச்சமில்லை. காந்திபுரத்தில் ஒரு டீக்கடையில் நான், அந்த ஃபோட்டோகிராஃபர், ரெண்டு வக்கீல். சின்னப் பையன், என் மகன் வயசு இருக்கும். முதல் அரை மணி நேரம் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வெட்டிய படத்தையும் முழுப் படத்தையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பேரோடு சேர்த்துத் தரையின் டைல்ஸ் வரிசையும் போய், கட்டில் அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. நான் இத்தனை நாள் அதைக் கவனிக்கவே இல்லை.

நாற்பதாயிரத்தில் முடிந்தது, ரெண்டு தவணை. இனி உரிமை கேட்கமாட்டேன், வழக்குப் போடமாட்டேன் என்று அவரும், படங்களை எங்கும் வைத்திருக்கவில்லை என்று நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கமிஷன் வரும் முன்னே கமிஷன் போய்விட்டது.

ஷார்ஜா ஓனரிடம் உண்மையைச் சொல்லி வெள்ளையடிக்க வைத்தேன். புதுப் படம் எடுக்க அதே பையனைக் கூப்பிட எனக்குக் கூச்சம், கையில் காசும் இல்லை. போனிலேயே எடுத்துப் பார்க்கிறேன். ஹால் ஒரே கோணலாக வருகிறது. பெட்ரூம் ஜன்னலில் தென்னை இல்லைதான், ஆனால் காலையில் வடமேற்கே குருடிமலை முழுசாகத் தெரிகிறது. படத்தில் அது வெறும் வெள்ளையாகப் போய்விடுகிறது.

ட்ரைபாட் எழுதியது:

போனே போதும் அக்கா. அதை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். மேலேயோ கீழேயோ சாய்த்தால் சுவர் சரியும், கோணல் அதனால்தான். எல்லாவற்றையும் அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸ் வேண்டாம், பாத்ரூம் கல்யாண மண்டபமாகிவிடும், வந்து பார்ப்பவர் திரும்பவும் உங்களைத்தான் கேட்பார். ஃபேனை நிறுத்துங்கள். எச்.டி.ஆர். (வெளிச்சம் கூட்டிக் குறைத்த படங்களைப் போனே சேர்த்துத் தருவது) ஆன் செய்துவிட்டு, திரையில் மலையைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் கீழே இழுங்கள். அறை இருட்டாகத் தெரிந்தால் லைட்டைப் போட்டு இன்னொன்று எடுங்கள். வெயில் ஏறினால் மலையில் மூட்டம் விழுந்துவிடும், ஏழரைக்குள் போய்விடுங்கள்.

அந்த ஃபிளாட்டிலும் கண்ணாடி பீரோ இருக்கிறதா? இருந்தால் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறேன்.