மோசின் 91/30 கெடச்சிருக்கு, உள்ள வெளிய எல்லாம் காஸ்மோலின். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பழையஇரும்பு:
வணக்கம் மக்களே, ரொம்ப நாள் தேடி கடைசியா ஒரு மோசின் நாகான்ட் 91/30, அதாவது பழைய சோவியத் ராணுவ ரைஃபிள், வாங்கிட்டேன், லைசென்ஸ் வேலையெல்லாம் முடிஞ்சு இப்ப கைல இருக்கு. பேரல் பின்பக்கம் முக்கோணத்துக்குள்ள அம்பு, அதோட 1942ன்னு இருக்கு, அப்ப இஷெவ்ஸ்க் ஃபேக்டரின்னு புரிஞ்சுக்கிட்டேன். ஆனா துப்பாக்கி மொத்தமும் காஸ்மோலின்ல, அதான் துரு பிடிக்காம இருக்க பூசற பழுப்பு நிற மெழுகு மாதிரி கிரீஸ்ல, முங்கி கெடக்கு, எதை தொட்டாலும் கைல ஒட்டுது. ஸ்டாக் (மரப்பாகம்) மேல செவப்பா பளபளன்னு ஏதோ பூசி இருக்காங்க, அங்கங்க செதில் செதிலா உரியுது. அதை உப்புத்தாள் வச்சு தேச்சு புதுசா வார்னிஷ் அடிச்சுடலாமான்னு யோசிக்கிறேன். இன்னொண்ணு, மேகசின் அடித்தகடுல ஒரு நம்பரை கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல வேற நம்பர் பொறிச்சிருக்கு, என்னை ஏமாத்திட்டாங்களா? போல்ட்டும் (தோட்டாவ உள்ள தள்ளி மூடற பாகம்) ரொம்ப இறுக்கமா இருக்கு, உள்ளங்கைல தட்டித்தான் தூக்க வேண்டியிருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மரம்பேசும்:
முதல்ல ஒரு வேண்டுகோள், அந்த உப்புத்தாளை கீழ வைங்க ப்ரோ. இதைத்தான் நான் முதல்ல சொல்லணும், மத்ததெல்லாம் அப்பறம்.

என்கிட்ட முதல்ல வந்தது ஒரு லீ என்ஃபீல்ட் நம்பர் 4, பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள். மரம் கறுத்து எண்ணெய் ஊறி அசிங்கமா தெரிஞ்சதுன்னு ரெண்டு நாள் உக்காந்து தேச்சேன், வழவழன்னு ஆச்சு, நானும் பெருமையா வச்சிருந்தேன். அப்பறம் ஒரு பெரியவர் அதை பாத்துட்டு ஸ்டாக்ல முத்திரை எங்கன்னு கேட்டார். ஆர்டினன்ஸ் இன்ஸ்பெக்டர் குத்தின சின்ன சின்ன முத்திரைங்க, ரிப்பேர் பண்ணின இடத்தோட அடையாளம், எல்லாத்தையும் நானே தேச்சு எடுத்துட்டேன். அது திரும்ப வராது, இத்தனை வருஷம் ஆகியும் அந்த துப்பாக்கிய எடுக்கும்போதெல்லாம் மனசு உறுத்துது. மரம் உலோகத்தோட சேர்ற இடத்துல கொஞ்சம் தாழ்ந்தும் போச்சு, யாரு பாத்தாலும் உடனே தெரியும்.

உங்க ஸ்டாக்ல இருக்கறது ஷெல்லாக், அரக்குல செய்யற பூச்சு. போருக்கப்பறம் சோவியத் ஆயுதக்கிடங்குல புதுப்பிச்ச துப்பாக்கிங்களுக்கு அதான் பூசினாங்க, உரியறது அதோட இயல்பு, அதுவும் அந்த துப்பாக்கியோட கதைதான். தனியா உரியற செதில மட்டும் மெதுவா எடுத்துட்டு விடுங்க. ரொம்ப மோசமா இருந்தா ஆல்கஹால் நனைச்ச பிரஷ்ஷால லேசா தடவினா அங்கங்க கரைஞ்சு திரும்ப சமமா படியும், ஷெல்லாக் ஆல்கஹால்ல கரையும்ங்கறதாலதான். பாலியூரிதேன் வார்னிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். அமுங்கின பள்ளம் இருந்தா ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸ் வச்சா நீராவில மர நார் எழும்பிடும், ஆனா ஷெல்லாக் இருக்கிற இடத்துல அதை செய்யாதீங்க, வெள்ளையா படிஞ்சுடும், முத்திரை பக்கத்துலயும் செய்யாதீங்க.

துலாவிலிருந்து:
நம்பர் விஷயம் சொல்றேன். யாரும் உங்களை ஏமாத்தல. பேரல், போல்ட், அடித்தகடு, பட் பிளேட் (ஸ்டாக் பின்முனைத் தகடு) எல்லாத்துலயும் ஒரே நம்பர் இருக்கணும்னுதான் ராணுவத்துல கணக்கு. கிடங்குல மொத்தமா கழட்டி சுத்தம் பண்ணி பாகங்களை கலந்து மாட்டறப்ப, பழைய நம்பரை அடிச்சுட்டு பேரல் நம்பரை அதுல போட்டாங்க. இதை நாங்க ஃபோர்ஸ் மேட்ச்னு சொல்வோம். பேரல் பக்கத்துல இல்ல ஸ்டாக்ல குறுக்குக்கோடு போட்ட சின்ன சதுரம் இருக்கான்னு பாருங்க, இருந்தா கிடங்குல புதுப்பிச்சதுன்னு அர்த்தம்.

1942 இஷெவ்ஸ்க்னா ரிசீவர்ல கடைசல் கோடு கரடுமுரடா தெரியும், போர் நடக்கும்போது அவசரத்துல செஞ்சது. அதை பாலிஷ் போட நினைக்காதீங்க, அந்தக் கோடுதான் எனக்கு அந்த வருஷத்த கண்ணுல காட்டுது. வாய்ப்பக்கம் பாருங்க, ரைஃப்ளிங் (பேரலுக்குள்ள இருக்கற சுருள் வரி) நுனில இல்லாம கொஞ்சம் உள்ள இருந்து தொடங்குதா? சிப்பாய்ங்க இரும்பு கம்பில சுத்தம் பண்ணி பண்ணி நுனி தேஞ்சதால கிடங்குல அந்த இடத்த துளைச்சு எடுத்திருப்பாங்க. அதனால நீங்க வாய்ப்பக்கமா கம்பி விடவே கூடாது, போல்ட்டை கழட்டிட்டு பின்பக்கமா விடுங்க.

ஆயில்கேன்:
எல்லாத்துக்கும் முன்னாடி, போல்ட்டை திறந்து சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) காலியான்னு கண்ணால பாத்து விரல விட்டும் பாத்துடுங்க, மேகசினையும். கிரீஸ் நிறைஞ்சிருந்தா உள்ள ஒண்ணு கெடந்தாலும் வெளிய தெரியாது.

காஸ்மோலின் 50 டிகிரி பக்கம் வந்ததும் இளகிடும். அதனால மரத்த தனியா கழட்டி கருப்பு பிளாஸ்டிக் பைல சுத்தி வெயில்ல வச்சா தானா வேர்த்து வெளிய வரும், துடைச்சுட்டு திரும்ப வைங்க, நாலஞ்சு தடவ ஆகும், அவசரப்பட்டா மரம் வெடிக்கும். அடுப்புக்குள்ள வைக்காதீங்க. உலோகத்துக்கு மினரல் ஸ்பிரிட், கெடைக்கலன்னா மண்ணெண்ணெய், பழைய டூத்பிரஷ் போதும். காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க, கிளவுஸ் போடுங்க, பக்கத்துல தீ வேண்டாம். முடிஞ்சதும் நல்லா துடைச்சு உடனே ஆயில் போடுங்க, கிரீஸ் போன இரும்பு அம்மணமா இருக்கும், ஒரே ராத்திரில துரு பிடிச்சுடும். லின்சீட் ஆயில் எங்கயாவது உபயோகிச்சா அந்த துணிய சுருட்டி போடாதீங்க, அது தானா சூடாகி பத்திக்கும், விரிச்சு காய வைங்க.

போல்ட் இறுக்கத்துக்கு பெரும்பாலும் காரணம் சேம்பர்ல காஞ்சு அரக்கு மாதிரி ஒட்டின காஸ்மோலின்தான். பித்தளை பிரஷ்ல ஸ்பிரிட் நனைச்சு சேம்பர மட்டும் பொறுமையா சுத்தி சுத்தி தேயுங்க. போல்ட்டுக்குள்ளயும் நிறைய இருக்கும், போல்ட் பின்பக்கம் இருக்கற காக்கிங் பீஸ்ல இருந்து ஃபயரிங் பின்ன (தோட்டாவ தட்டற ஊசி) திருகி எடுங்க. திரும்ப மாட்டும்போது பின்னோட பின்முனைல இருக்கற கோடும் காக்கிங் பீஸ் கோடும் நேரா வரணும், இல்லன்னா பின் வெளிய நீட்டற அளவு மாறிடும். அந்த அளவ பாக்க துப்பாக்கியோட வர டூல்ல 75, 95ன்னு ரெண்டு வெட்டு இருக்கும், பின் நுனி 95ல தட்டக்கூடாது, 75ல தட்டணும்.

சுடற எண்ணம் இருந்தா அதுக்கு முன்னாடி துப்பாக்கி மெக்கானிக்கிட்ட ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் மூடினதும் தோட்டாவுக்கு இருக்கற இடம் சரியான்னு, கேஜ் வச்சு பாக்க சொல்லுங்க, பாகம் கலந்து மாட்டினதுன்னா இது கட்டாயம். பழைய சர்ப்ளஸ் (ராணுவத்துல மிஞ்சின) தோட்டால பிரைமர், அதாவது அடில தீப்பொறி குடுக்கற மருந்து, எரிஞ்சா உப்பு மிஞ்சும், அது ஈரத்த இழுத்து பேரல அரிக்கும். எண்ணெய் உப்ப கரைக்காது, தண்ணிதான் கரைக்கும், அதனால அன்னைக்கே சுடுதண்ணி விட்டு கழுவி காய வச்சு அப்பறம் ஆயில்.

பழையஇரும்பு:
எல்லாருக்கும் நன்றி, உப்புத்தாளை எடுத்து உள்ள வச்சுட்டேன். ரெண்டு வாரமா இதே வேலைதான். சேம்பர் பிரஷ்ல வந்த அழுக்க பாத்தா கறுப்பு தார் மாதிரி இருந்துச்சு, போல்ட் இப்ப ஒரு விரல்ல தூக்கலாம். சதுரமும் கெடச்சது, ஸ்டாக் இடது பக்கம் ஷெல்லாக்குக்கு அடில லேசா தெரியுது, நான் தேச்சிருந்தா முதல்ல போறது அதான். பட் பிளேட்டுக்கு பக்கத்துல கத்தியால கீறின மாதிரி மூணு எழுத்து இருக்கு, ரஷ்ய எழுத்துதான், யாரோ ஒருத்தர் பேரோட முதலெழுத்தா இருக்கலாம். அதை என்ன பண்ணலாம்?

மரம்பேசும்:
அதைத் தொடாதீங்க ப்ரோ. தூசி போக துணியால துடைச்சுட்டு அப்படியே விட்டுடுங்க. நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து போடுங்க, எழுத்து என்னன்னு துலாவிலிருந்து பாத்து சொல்வார்.