பாயின்ட்ஸ் கணக்கு பாத்து எடை குறைக்கிற ப்ரோக்ராம் எனக்கு செட் ஆகுமா?

கறிவேப்பிலை:
வணக்கம் எல்லாருக்கும். நாங்க இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கோம், எனக்கு வயசு 41, உயரம் 158, எடை 78 கிலோ. போன மாசம் எடுத்த ப்ளட் டெஸ்ட்ல எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சர்க்கரை அளவு) 44 வந்து ஜிபி, அதாவது எங்க ஏரியா டாக்டர், "ப்ரீடயபெடிஸ் (சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம்), எடைய குறைங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல ரெண்டு பேர் வெயிட் வாட்சர்ஸ்ங்கற இந்த பாயின்ட்ஸ் ப்ரோக்ராம்ல சேந்து நல்லா குறைச்சிருக்காங்க, என்னையும் சேரச் சொல்றாங்க. எனக்கு என்ன தயக்கம்னா வீட்ல தினமும் சாதம், சாம்பார், பொரியல்தான், இதுக்கெல்லாம் எப்படி பாயின்ட் போடறது, மாசாமாசம் காசு வேற கட்டணும். என் பொண்ணுக்கு 14 வயசு, அவளும் என்கூட சேந்து பண்றேன்னு நிக்கிறா. செஞ்சு பாத்தவங்க யாராவது சொல்லுங்களேன் ப்ளீஸ்.

மாடித்தோட்டம்:
நான் பண்ணிருக்கேன் பா, எனக்கு நல்லாவே ஒர்க் அவுட் ஆச்சு. விஷயம் சிம்பிள்தான், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நம்பர். கலோரி, சாச்சுரேட்டட் ஃபேட், சேத்த சர்க்கரை இதெல்லாம் நம்பரை ஏத்தும், புரோட்டீனும் நார்ச்சத்தும் இறக்கும். ஒரு நாளைக்கு இவ்ளோன்னு பட்ஜெட் குடுப்பாங்க, அதுக்கு மேல வாரத்துக்கு கொஞ்சம் எக்ஸ்ட்ரா. காய்கறி, பழம், முட்டை, தோலில்லாத சிக்கன் ப்ரெஸ்ட், பருப்பு மாதிரி ஒரு லிஸ்ட் ஜீரோ பாயின்ட், அதை அளக்கவே வேணாம்.

நம்ம வீட்டு சாப்பாட்டுல பாயின்ட் ஒளிஞ்சிருக்கறது எண்ணெய்லயும் தேங்காய்லயும்தான். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் கிட்டத்தட்ட 120 கலோரி, நாம தாளிக்கும்போது பாட்டிலோட சாய்ச்சு ஊத்துவோம், ஒரு பொரியலுக்கே ரெண்டு மூணு ஸ்பூன் போயிடும். நான் அடுப்புப் பக்கத்துல ஒரு டீஸ்பூன் வச்சு அதால மட்டும்தான் ஊத்துவேன்னு ஆரம்பிச்சேன், கடுகு வெடிக்க அவ்ளோ எண்ணெய் போதும்னு அப்பதான் தெரிஞ்சது. இப்ப ஆப்ல பாயின்ட் போடறதை நிறுத்திட்டேன், ஆனா ஸ்பூன் அங்கயேதான் இருக்கு.

இன்னொன்னு, முடிஞ்சா மீட்டிங் இருக்கற ப்ளான்ல சேருங்க. 1963ல ஜீன் நைடெட்ச்னு நியூயார்க் குவீன்ஸ்ல இருந்த ஒரு அம்மா இந்த கம்பெனிய ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி தோழிகளை வீட்டுக்குக் கூப்ட்டு உக்காந்து பேசினதுலதான் எல்லாம் துவங்குச்சு. பாயின்ட்ஸ்லாம் 90கள்லதான் வந்தது. வாரம் ஒரு தடவை நாலு பேரை பாத்து பேசறதுல இருக்கற தெம்பு வெறும் ஆப்ல கிடைக்காது, இது என் அனுபவம்.

வடலி:
வணக்கம் தங்கச்சி, நான் ஹரோவில இருக்கிறன். இது வேலை செய்யுமோ எண்டு கேட்டா, சராசரியா பாத்தா செய்யுது. 2011ல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில ஒரு ஆய்வு வந்தது, இங்கிலாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியாவில 772 பேர், பாதிப் பேரை டொக்டர் வழமையா பாத்தவை, மற்றவையை வெயிட் வாட்சர்ஸுக்கு அனுப்பினவை. ஒரு வருசத்தில டொக்டர் பாத்த பக்கம் சராசரி 2 கிலோ சொச்சம் குறைஞ்சது, வெயிட் வாட்சர்ஸ் பக்கம் 5 கிலோ. ஆனா ரெண்டு பக்கமும் இடையில விட்ட ஆக்கள் கனபேர், அதையும் யோசிக்கோணும். 5 கிலோ எண்டுறது விளம்பரத்தில வாற படங்கள் மாதிரி இல்லை, ஆனா சீனி எல்லையில நிக்கிற ஆளுக்கு அது பெரிய விசயம்.

உங்களுக்கு நான் முக்கியமா சொல்ல வாறது, ஜீரோ பாயின்ட் எண்டா சீனி ஏறாது எண்டு அர்த்தம் இல்லை. வாழைப்பழம் ஒண்டில 100 கலோரி அளவில இருக்கு, மாம்பழமும் அப்பிடித்தான், "இது ஜீரோதானே" எண்டு நாலு சாப்பிட்டா சீனி பாக்கிற மீற்றர் காட்டிக் குடுத்திடும். அதே நேரம் தேங்காய்ப்பால் விட்ட சொதிக்கும் புட்டுக்கும் அவை போடுற பாயின்ட் கூட, எங்கட ஆக்களுக்கு அது மனசு நோகும். ஆரும் இன்சுலின் இல்லாட்டி கிளிக்கிளசைட் மாதிரி சீனி குறைக்கிற மருந்து எடுக்கிறவை இதை வாசிச்சா, சாப்பாட்டைக் குறைக்க முதல் டொக்டரோட கதையுங்கோ, சீனி சடாரெண்டு இறங்கும்.

காசு கட்ட முதல் இன்னொரு விசயம். எச்பிஏ1சி 42 முதல் 47 வரை உள்ளவைக்கு இங்கிலாந்தில என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) நடத்திற டயபெடிஸ் ப்ரிவென்ஷன் ப்ரோக்ராம், அதாவது சீனி வருத்தம் வராமத் தடுக்கிற திட்டம், இருக்கு, முழுக்க இலவசம், ஒன்பது மாசம் வகுப்பு மாதிரி நடக்கும். உங்கட 44 அதுக்குள்ள வருது. ஜிபியிட்ட "என்னை அதுக்கு ரெஃபர் பண்ணுங்கோ" எண்டு வாய் விட்டுக் கேளுங்கோ, கேக்காட்டி சில இடத்தில தாங்களா சொல்ல மாட்டினம்.

நீலவானம்:
சிஸ், மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க, நான் பொண்ணைப் பத்தி மட்டும் சொல்றேன். தயவுசெஞ்சு அவளை இதுல சேக்காதீங்க. வளர்ற வயசு, தட்டுல இருக்கறதை நம்பரா பாக்க ஆரம்பிச்சா சில பிள்ளைங்களுக்கு அது விடவே விடாது, எனக்கு நெருங்கின ஒருத்தி அதுலேர்ந்து வெளிய வர்றதுக்குள்ள அந்த வீடே ஆடிப்போச்சு. வீட்ல சமையல் மாறினா அவளுக்கும் அது தானா சேரும், கூட சாயங்காலம் நடக்க கூட்டிட்டுப் போங்க, அவ எடைய பத்தி பேச்சே எடுக்காதீங்க. அவ எடை பத்தி நிஜமாவே கவலைன்னா ஜிபிகிட்ட தனியா கேளுங்க.

உங்களுக்கும் ஒரு கேள்வி. நீங்க எதையும் எழுதி வச்சா நிம்மதியா இருக்கற ஆளா, இல்ல ஒரு நாள் தப்பினா எல்லாம் போச்சுன்னு விட்டுடற ஆளா? முதல் வகைன்னா பாயின்ட்ஸ் நல்லா உதவும். ரெண்டாவது வகைன்னா, இல்ல முன்னாடி எப்பவாவது சாப்பாட்டோட போராடிருந்தீங்கன்னா, இது வேணாம். சனிக்கிழமை விருந்துக்கு பாயின்ட் மிச்சம் பிடிக்கறதுக்காக காலைல பட்டினி கிடக்கணும்னு தோண ஆரம்பிச்சா அன்னிக்கே நிறுத்திடுங்க. கர்ப்பமா இருக்கறவங்களும் இது பக்கமே போகக் கூடாது.

கறிவேப்பிலை:
ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். வடலி அண்ணா, அந்த என்எச்எஸ் விஷயம் எனக்கு யாருமே சொல்லல, திங்கட்கிழமை காலைல முதல் வேலையா ஜிபிக்கு போன் பண்றேன். பொண்ணுகிட்டயும் பேசிட்டேன், நடக்க வர்றேன்னு சொல்லிட்டா. நான் கணக்கு எழுதற ஆள்தான், அதனால இலவச ப்ரோக்ராம் முடிஞ்சதும் தேவைப்பட்டா ஒரு மாசம் மட்டும் கட்டி பாக்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு டவுட், பருப்பு ஜீரோன்னா சாம்பாரும் ஜீரோவா?

மாடித்தோட்டம்:
இல்ல பா, பருப்பும் காயும் ஜீரோ, நீங்க ஊத்தற எண்ணெய், போடற வெல்லம், அரைச்சு விடற தேங்காய் எல்லாத்துக்கும் பாயின்ட் உண்டு. ஆப்ல ரெசிபின்னு ஒரு இடம் இருக்கும், உங்க பாத்திரத்துல போடற அளவை ஒரு தடவை உக்காந்து ஏத்தி எத்தனை கரண்டின்னு பிரிச்சிட்டீங்கன்னா அப்புறம் தினமும் தட்ட வேணாம். இட்லி மாவு, ரசம், கூட்டு எல்லாம் அப்படித்தான் போட்டு வச்சேன். சாதத்தை மட்டும் கொஞ்ச நாள் கப்பால அளந்து போடுங்க, வெந்த சாதம் ஒரு கப்பே 200 கலோரி வரும்.