துணி டாப்பா, இரும்பு டாப்பா? ஓட்டினவர்கள் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

தங்கை மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கூரையைத் திறந்து மூடுகிற, இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி ஊருக்குக் கொண்டுவரப் போகிறானாம். "மாமா, துணி டாப்பா, மடங்குற இரும்பு டாப்பா?" என்று ஒரு வாரமாகப் போன் மேல் போன். ஆறு வருஷம் துணி டாப் வண்டி வைத்திருந்தவன் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டான். எனக்குப் பட்டதை எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

முதலில் வெயில். திறந்து போகிற சுகத்துக்குத்தானே இந்த வண்டி? நம் ஊரில் அந்தச் சுகம் காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை. அப்புறம் பொழுது சாய்ந்த பிறகு. சித்திரை மாதம் ஒரு நாள், வீம்புக்கு மதியம் ஒன்றரை மணிக்குத் திறந்துகொண்டு வண்ணார்பேட்டையில் நின்றேன். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, மூடி கெட்டுப்போச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார். அதோடு விட்டேன்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிப் பணகுடிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அது. அத்தனை காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. எண்பதில் போனால் மூடிய துணி உறுமி மேளம் மாதிரி அதிரும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. (வீட்டுக்காரி இதைக் குறையாகச் சொல்வாள். நான் சொன்னதில்லை.)

ஆனால் வெயிலும் காற்றும் என் வண்டியைக் கெடுக்கவில்லை. கெடுத்தது வீட்டு வேப்பமரம்.

நிழல் என்று நினைத்து மரத்தடியில் நிறுத்தி வந்தேன். பங்குனியில் பூ கொட்டும். துணி டாப் வண்டியில் மழைத்தண்ணீர் வடிய, இரண்டு பக்கமும் சீட்டுக்குப் பின்னால் சிறு துளை வைத்திருப்பார்கள். வேப்பம்பூ அதில் இறங்கி, காய்ந்து, பொடியாகி அடைத்துக்கொண்டது. ஒரு கோடைமழை பெய்தது. மறுநாள் கதவைத் திறந்தால் சீட்டுக்குப் பின்னால் கார்பெட் சொதசொத. துணி கிழிந்துவிட்டது என்று பதறி ஓடினேன். துணியில் ஒன்றுமில்லை, துளைதான் அடைப்பு. தடித்த தூண்டில் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு ஆட்டினால் வந்துவிடும். கம்பி விடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் கிழியும்.

நிஜக் கிழிசல் அணில் வைத்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டை. டவுனில் ஜீப்புக்கு டாப் தைக்கிற குஷன் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். ஊசியை எடுப்பார் என்று பார்த்தால் எடுக்கவே இல்லை. "தையல் போட்டா ஊசி ஓட்டை ஒவ்வொண்ணும் ஒழுகும் வே. உள்ளேருந்து ஒட்டுத்தான்" என்றார். மேல்துணியை ஸ்பிரிட்டால் துடைத்து, ஓட்டையின் பிசிறைக் கத்திரியால் ஒதுக்கி, அதே நிறத் துணியை வட்டமாக வெட்டிப் பசை தடவினார். உடனே ஒட்டவில்லை. விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்தி, மேலே ஒரு துணிப் பந்தைக் கட்டி ஒரு ராத்திரி விட்டார். நாலு வருஷம் தாங்கியது. இரும்பு டாப் கோளாறுக்கு இப்படி ஒருவரை டவுனில் காட்டுங்கள் பார்க்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. எங்கள் தெருவில் இரும்புக் கூரை, துணிக் கூரை எல்லாம் ஒன்றுதான். தண்ணீர் கீழேயிருந்தல்லவா வந்தது!

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி, நான் மறுகட்சி. என்னுடையது மடங்கும் இரும்பு டாப். மூடினால் சாதாரணக் கார் மாதிரி, ஏசி குளிர் உள்ளேயே நிற்கும், சத்தம் கிடையாது. ராத்திரி எங்கே நிறுத்தினாலும் பிளேடு வைத்துக் கீறுவானோ என்ற பயம் இல்லை.

சங்கடம் டிக்கியில். குற்றாலத்தில் சீசன் நேரம், சாரல் விட்டிருந்தது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் மூன்று பை வாங்கி டிக்கியில் வைத்தாயிற்று. "திறங்க மாப்பிள்ளை, காத்து வரட்டும்" என்றார் மாமனார். பட்டனை அழுத்தினால், டிக்கிக்குள் இருக்கும் தடுப்பு சரியாக விரியவில்லை என்று வண்டி மறுக்கிறது. கூரை மடங்கிப் போய்ப் படுக்கிற இடம் அதுதானே. மாமனார் மூன்று பையையும் மடியில் வைத்துக்கொண்டார். ஐந்தருவி போவதற்குள் மறுபடி சாரல்.

துணி என்றால் மட்டம் என்று மருமகன் நினைத்தால் ஒன்று சொல்லுங்கள். பிஎம்டபிள்யூ தன் 2009 இசட்4 காருக்கு மடங்கும் அலுமினியக் கூரை வைத்தது. மூடியிருந்தால் டிக்கி 310 லிட்டர், திறந்தால் 180. 2018-இல் வந்த அடுத்த இசட்4-இல் அதே கம்பெனி துணிக்குத் திரும்பிவிட்டது. திறந்தாலும் மூடினாலும் 281 லிட்டர். பத்து விநாடியில் மூடும், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே மூடலாம். பென்ஸும் 2021-இல் எஸ்எல் வண்டிக்குத் துணியையே திரும்பக் கொண்டுவந்தது. எடை குறைவு. இதெல்லாம் தெரிந்தும் நான் இரும்பை விடமாட்டேன். எனக்குத் தெருவில்தான் பார்க்கிங்.

திசையன்விளையிலிருந்து:

என்னுடையது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, மஹிந்திரா தார் ஜீப். 2020-இல் புது தார் வந்தபோது ஆசைப்பட்டு, கழற்றி மடக்குகிற துணி டாப்பையே எடுத்தேன். இரண்டு வருஷத்தில் கழற்றியது மூன்று தடவை. அதில் ஒரு தடவை தேரிக்காட்டுக்குள். செம்மண் பொடி ஏசி துவாரத்துக்குள் போய், இன்றைக்கும் ஃபேன் போட்டால் லேசாகச் சிவப்பாக வருகிறது. தம்பி அடுத்ததாக ஹார்ட் டாப் எடுத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி பாளையங்கோட்டை:

தென்காசிக்காரர் சொன்ன தெரு பார்க்கிங் விஷயத்தைப் பையனிடம் கேட்டேன். அவன் அதை யோசிக்கவே இல்லை. பெங்களூரில் மாடியின் கீழே இடம் இருக்கிறதாம், இங்கே வந்தால் எங்கள் வீட்டில் நிறுத்துவானாம். எங்கள் வீட்டில் என்றால் அந்த வேப்பமரம்தான். ஷெட் போட்டுத் தருகிறேன், துணியே வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். தகரம், ஆங்கிள், கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும் என்று நாளைக்கு வெல்டிங் பட்டறையில் விசாரிக்க வேண்டும். பக்கவாட்டில் வலை அடிக்காமல் விட்டால் அணில் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.